தேகப் பயிற்சியும் தன்மதிப்பும்

தேகத்தைப் பயிற்றுவதால் ஒருவருக்குத் தன்மதிப்பு வளருமா, தலைக்கனம் வளருமா? இது நாம் ஆர அமர ஆராய வேண்டிய கேள்வி.

தன்மதிப்பு வளரும் என்பதற்குக் காரணம் உண்டு. இன்று பத்து நிமிஷம் ஓடுவேன் என்று தனக்குத்தானே வாக்களித்த வாலிபன் அதை நிறைவேற்றுகிறான். மறுவாரம் பதினைந்து நிமிஷம் ஓடுகிறான். "என்னால் முடியும்" என்பது அப்போது வெறும் பேச்சன்று. அவன் கால்களே சொல்லும் சாட்சி. தேகத்தின்மீது முதலில் பிறக்கும் அந்த நம்பிக்கை, மெல்ல மெல்ல மற்றக் காரியங்களுக்கும் பரவுகிறது. மனநூலாரும் இவ்வாறே விளக்குவர்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸிலாகட்டும், கிள்ளானிலாகட்டும், பயிற்சிக் கூடத்துக் கண்ணாடியின்முன் நின்று, கைத்தொலைபேசியில் கண்ட யாரோ ஒருவரின் புஜத்தோடு தன் புஜத்தை ஒப்பிடுகிறவனுக்கு என்ன மிஞ்சும்? அவனைவிடப் பலசாலி ஒருவன் எங்கோ இருக்கத்தான் செய்வான். பிறரை வெல்வதால்தான் மதிப்பு என்றால், தோற்ற நாளில் அந்த மதிப்பும் போய்விடும் அன்றோ?

நம் நாட்டு ஓட்ட வீரர் டாக்டர் மணி ஜெகதீசனைப் பாருங்கள். 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றவர். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் அரையிறுதிவரை சென்றார்; இறுதிச் சுற்றுக்குள் நுழைய இயலவில்லை. பதக்கத்தை மட்டும் எண்ணுவோர் அதைத் தோல்வி என்பர். ஆயினும் அதே மெக்சிகோவில் அவர் ஓடிய 20.92 வினாடி, 2017 வரை 49 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நின்றது. பிறரை முந்துவது வேறு, தன் முழு ஆற்றலை வெளிக்கொணர்வது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"அப்படியானால் ஓட இயலாத நோயாளிக்கு மதிப்பில்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மனிதனின் மதிப்பு தசையில் உண்டாவதன்று. அது பிறப்பிலேயே இறைவன் அருளியது. பயிற்சி அதை உண்டாக்குவதில்லை. நாம் மறந்திருந்ததை நினைவூட்டுகிறது. தேகம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணுகிறவர் தம்மை மதிக்கிறார். அதைக் காட்டிப் பெருமையடிப்பவரோ பிறர் கண்களுக்கு அடிமையாகிறார்.

வாரத்திற்கு 150 நிமிஷமேனும் மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாளொன்றுக்கு அரைமணி நேரம் வீதம் ஐந்து நாள் விரைந்து நடந்தாலே போதும். பணச் செலவில்லை, கண்ணாடியும் தேவையில்லை. நேற்றைய உங்களோடு மட்டும் போட்டியிடுங்கள். தன்மதிப்பு தானே வரும்.