குடாவுக்கு வடியும் பசளை

கப்பல்துறையைக் கடந்து கண்டி வீதியில் போனால் தம்பலகாமத்து வயல்வெளி வரும். கந்தளாய்க் குளத்து நீர் இங்கே பாய்ந்து, எஞ்சியது வடிகால்களில் இறங்கித் தம்பலகாமக் குடாவைச் சேர்கிறது. ஆகவே பயிர் எடுக்காமல் விட்ட யூரியா கமக்காரருக்கு நட்டம் என்பதோடு முடிவதில்லை. கண்டலும் இறாலும் உள்ள நீருக்குள் அது போகிறது. அதைக் குறைத்தால் பலன் கீழே வலை போடுகிறவருக்கு. விளைச்சல் குறைந்துவிடுமோ என்ற பயம் மட்டும் மேலே வயல் செய்கிறவருக்கு. அந்தப் பயத்தை விலைக்கு வாங்குவதற்குத்தான் அரசுகள் சூழல் பாதுகாப்பு மானியம் கொடுக்கின்றன.

நாம் பழகிய மானியமோ எதிர்ப்பக்கம் இழுத்தது. 1962இல் தொடங்கிய பசளை மானியம், 2005க்குப் பின் 50 கிலோ மூட்டையை 350 ரூபாவுக்குத் தந்தது. மூட்டை அந்த விலைக்குக் கிடைத்தால் யார்தான் அளந்து போடுவார்? 2016இல் மூட்டைக்குப் பதில் காசு வந்தது. என் கணிப்பில் அதுவே நல்ல திருப்பம்: மிச்சம் பிடித்த பசளையின் விலை கமக்காரர் பையிலேயே தங்கும். 2018இல் மறுபடி மூட்டை, 500 ரூபாவுக்கு. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்கே தடை, நவம்பரில் தளர்த்தினார்கள். நெல் விளைச்சல் விழுந்த பிறகு, 2022 ஜனவரியில் 40,000 மில்லியன் ரூபா நட்டஈடு அறிவிக்கப்பட்டது. மாற்றத்துக்கு முன், போகம் போகமாகக் கொடுத்திருக்க வேண்டிய காசு அது.

அமெரிக்காவில் 1985இலிருந்து வேறொரு முறை நடக்கிறது. மண் அரிக்கும் நிலத்தை 10 முதல் 15 ஆண்டு உழாமல் புல்லோ மரமோ வளரவிட்டால், அரசு ஆண்டு வாடகை கொடுக்கும். அதை இங்கே அப்படியே நட முடியாது. நெற்காணி நெற்காணியாகவே இருக்க வேண்டும் என்பதுதான் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் போக்கு. வேறு தேவைக்கு மாற்ற ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். தவிர, சில ஏக்கரில் மட்டும் நெல் செய்கிறவரிடம் வயலைச் சும்மா விடச் சொன்னால் வீட்டில் உலை வைப்பது எப்படி?

எனவே இங்கே காசு, விதைத்த வயலில் நடக்கும் வேலைக்கே போக வேண்டும்: வைக்கோலை எரிக்காமல் மண்ணில் மடக்குவது, இலையின் நிறம் பார்த்து யூரியாவைப் பிரித்துப் போடுவது, வடிகால் ஓரத்துப் புல்லைச் செதுக்காமல் விடுவது. முதலாவதையும் மூன்றாவதையும் வரம்பில் நின்றே பார்த்துவிடலாம். யூரியாவை யார் எப்போது எவ்வளவு போட்டார் என்பதற்குச் சாட்சி இல்லை. அதற்குக் காசு கொடுப்பதைவிட மலிவு மூட்டை கொடுக்காமல் இருப்பதே போதும்.

யார் கையில் கொடுப்பது என்பதுதான் சிக்கல். காணிக்காரர் பட்டணத்தில் இருப்பார், வயலைச் செய்கிறவர் ஒரு போகக் குத்தகையில் இருப்பார். வைக்கோல் மடக்கிய மண் பலன் தரப் பல போகம் செல்லும். அதற்குள் குத்தகை கைமாறிவிடும். உறுதியில் பெயர் உள்ளவருக்குக் கொடுத்தால் வேலை நடக்காது. செய்கிறவருக்குக் கொடுத்தால் மண் தேறியதும் குத்தகை ஏறும். கமநல சேவை நிலையத்தில் பதியும்போதே மூன்று ஆண்டுக் குத்தகை எழுதினால்தான் மானியம் என்று நிபந்தனை வைத்தால், இருவருக்கும் அதில் பங்கிருக்கும்.