வழியில் தொங்கிய சங்கிலி

அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் ஒரு தொல்லை இருந்தது. தடுப்பூசி போட ஓட்டிச் செல்லும் மாடுகள் பாதி வழியில் மிரண்டு நின்றுவிடும். அடித்தும் முடுக்கியும் பார்த்தார்கள். டெம்பிள் கிராண்டின் என்ற பெண், மாடு போகும் வழியிலேயே தானும் இறங்கிப் போய்ப் பார்த்தார். காற்றில் ஆடும் சங்கிலி, வேலியில் யாரோ மாட்டிவிட்டுப் போன சட்டை, தேங்கிய நீரில் பளிச்சிடும் வெளிச்சம் என மாட்டை மிரட்டியவை அவர் கண்ணில் பட்டன. அவற்றை அகற்றினால் போதும், மாடு தானாக நடக்கும்.

கிராண்டின் ஆட்டிசம் உடையவர். 1947-இல் பிறந்தவர், மூன்றரை வயதுவரை பேசவில்லை. படங்களாகவே சிந்திப்பதாகத் தன்னைப் பற்றிச் சொல்வார். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் விலங்கறிவியல் பேராசிரியர் ஆனார்.

எல்லோரும் கிராண்டின் ஆகிவிட மாட்டார்கள். ஆக வேண்டியதும் இல்லை. ஆட்டிசம் உள்ள பலருக்கு வாழ்நாள் முழுக்கத் துணை தேவை. மூளைகள் பலவிதம் என்று ஏற்பது அந்தத் தேவையை மறுப்பதாகாது. குறையைக் குழந்தையிடம் மட்டும் தேடாமல், நாம் அமைத்து வைத்திருக்கும் சூழலிலும் தேடச் சொல்கிறது, அவ்வளவுதான். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளைக்கு அந்தச் சத்தம் உண்மையிலேயே வலிக்கலாம். அது அடமும் இல்லை, வளர்ப்பின் கோளாறும் இல்லை.

கல்யாண மண்டபத்தில் அப்படியொரு பிள்ளை அழுதால் தாயை முறைக்காதீர்கள். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.