வெள்ளிக்கு உயர்ந்த கைகள்

டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஜூலை 25. பெண்கள் சாலை சைக்கிள் போட்டியில் நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் எல்லைக்கோட்டைத் தாண்டும்போது இரண்டு கைகளையும் தூக்கினார். தங்கம் தனக்குத்தான் என்ற நினைப்பு. ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் 75 விநாடிகளுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது அவருக்குத் தெரியாது.

அந்தக் கைகள்தான் என்னை விடமாட்டேன் என்கின்றன. எவ்வளவு நேரம் மேலேயே இருந்திருக்கும்? விஷயம் தெரிந்ததும் கையை எங்கே வைத்துக்கொள்வது?

ஒலிம்பிக்கில் ஓட்டுபவர்களுக்குக் காதில் வயர்லெஸ் கிடையாது. 137 கிலோமீட்டர் பந்தயம். கிளம்பியதுமே ஐந்து பேர் முன்னால் பிய்த்துக்கொண்டு போனார்கள். அதில் கடைசியாக இருவரைப் பிடித்ததும், இனி முன்னால் ஆளில்லை என்று நெதர்லாந்துக்காரர்கள் நினைத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஐவரில் ஒருவரான கீசன்ஹோஃபர் தனியாக முன்னே போயிருந்தார். அவர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லை. பெரிய அணி இல்லாதவரை யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்?

இப்படி ஒரு தப்பான கொண்டாட்டம் எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. எங்கள் ஊர் கம்மாபுரத்தில் நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது பத்தாம் வகுப்பு ரிசல்ட் மாலைப் பேப்பரில் வரும். பேப்பர் கட்டு விருத்தாசலம் பஸ்ஸில் வந்து இறங்கும். டீக்கடை பல்பு வெளிச்சத்தில் அக்காவின் நம்பரைப் பார்த்துவிட்டு அப்பா ஓடிவந்தார். "பாஸும்மா!" அம்மா டப்பாவிலிருந்து சர்க்கரையை அள்ளி அக்கா வாயில் திணித்தாள். பாதி தாவணியில் சிந்தியது. மறுநாள் பள்ளிக்கூடப் பலகையில் அக்கா நம்பர் இல்லை. பேப்பரில் மை அப்பி 3 என்பது 8 ஆகத் தெரிந்திருக்கிறது. அக்டோபரில் மறுபடி எழுதி அக்கா தேறிவிட்டாள். ஆனால் இன்றைக்கும் அவள் பேசுவது அந்த ராத்திரியைப் பற்றித்தான். "சர்க்கரை இனிச்சுதா இல்லையா, அதைச் சொல்லு" என்பாள்.

எனக்கும் அக்கா கட்சிதான் சரியென்று படுகிறது. 2016 ரியோவில் முன்னணியில் இருந்தபோதே மலையிறக்கத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்தவர் வான் ஃப்ளூட்டன். அவருடைய அந்தச் சில நொடிகளைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கீசன்ஹோஃபர் பக்கம் நின்று பார்த்தால் மனசு மாறுகிறது. ஒருத்தி கடைசியில் தனியாகவே உழைத்து வாங்கியதை, அவளை அறியாத இன்னொருத்தி கொஞ்ச நேரம் கொண்டாடிவிட்டுப் போவதா?

சாயங்காலம் அரசு தந்த சைக்கிளில் பள்ளிவிட்டு வரும் பெண்கள் எங்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு, பேசியபடியே போகிறார்கள். லாரிக்காரர் ஹாரன் அடித்தாலும் வரிசை கலைவதில்லை. அங்கே முதல், இரண்டாவது கிடையாது. இந்த வரிசைக்கும் அந்தப் பந்தயத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று சொல்லத் தெரியவில்லை.

காரணம் தப்பாகிவிட்டால் சந்தோஷமும் தப்பாகிவிடுமா? எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. வான் ஃப்ளூட்டன் என் தீர்மானத்துக்காகக் காத்திருக்கவில்லை. மூன்றாம் நாளே தனிநபர் நேரப் போட்டியில் தங்கம் வாங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 38.