கடைசி ஆளோட நடந்து வர்றார் முருகன்

ஓம் சரவணபவ!

"பாதயாத்திரை குழுவுல சேரணுமா? பைக்ல தனியா போய் கும்பிட்டா முருகன் ஏத்துக்க மாட்டாரா?"ன்னு தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் கேக்குறீங்க. கண்டிப்பா ஏத்துக்குவார். ஆனா நடக்குறவங்களுக்கு அவர் ஒரு பாடம் வச்சிருக்கார்.

எங்க ஊர் மேல்பட்டாம்பாக்கம். பங்குனி உத்திரத்துக்கு நெய்வேலி வில்லுடையான்பட்டு முருகன்கிட்ட நடந்து போவோம். பண்ருட்டி, காடாம்புலியூர் வழியா, முந்திரித் தோப்புகளைத் தாண்டி ஒரு ராத்திரி நடை.

முதல் வருஷம் குழுவோட கிளம்பினேன். எங்க தெருப் பெரியம்மா ஒருத்தரும் வந்தாங்க. "அவங்களைப் பார்த்துக்கடா"ன்னு அம்மா சொல்லித்தான் அனுப்பினாங்க. நான் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு எல்லாரையும் முந்திட்டேன். காடாம்புலியூர் டீக்கடையில உக்காந்து, "ஃபர்ஸ்ட் வந்தாச்சு"ன்னு ஸ்டேட்டஸ் வேற போட்டேன்.

ரொம்ப நேரம் கழிச்சுதான் குழு வந்துச்சு. கடைசியா அந்தப் பெரியம்மா. கால் கொப்புளம் உடைஞ்சு, விந்தி விந்தி வர்றாங்க. குருசாமி அவங்க பையைத் தன் தோள்ல மாட்டிக்கிட்டு, அவங்க அடிக்கு அடி வச்சு வர்றார். என்னை அவர் திட்டல. "தம்பி, நீ சீக்கிரம் வந்துட்ட. முருகன் இப்பத்தான் வர்றார்"னு மட்டும் சொன்னார். கையில இருந்த டீ இறங்கல எனக்கு.

மாம்பழக் கதை நமக்குத் தெரியும். உலகத்தையே மயில்ல சுத்தி வந்த வேகக்காரர் நம்ம முருகன். ஆனா அந்த வேகத்துக்குப் பழம் கிடைக்கல. அதுக்கப்புறம் பழனியில நின்னவர் யாரைத் தன்கிட்ட வரவழைக்கிறார் பாருங்க! மெதுவா, கூட்டமா நடந்து வர்றவங்களை. செட்டிநாட்டு நகரத்தார் 400 வருஷத்துக்கும் மேலா தைப்பூசத்துக்குக் காவடியோட பழனிக்கு நடக்குறாங்க. திரும்பி வர்றதும் நடந்தேதான். இலங்கையில யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில கிளம்பி, கிழக்குக் கரையோரமா உகந்தை வந்து, குமண, யால காடுகளைக் கடந்து கதிர்காமம் போறாங்க. யானை நடமாடுற காடு அது. அங்க பக்கத்துல நடக்குற ஆள்தான் துணை.

தனியா நடந்தா நம்ம வேண்டுதல் மட்டும்தான் நம்ம கூட வரும். குழுவுல நடந்தா அடுத்தவங்க வலியும் கூட வரும். அதைக் கொஞ்சம் வாங்கிச் சுமந்தா, அதுவும் காவடிதான்.

அதனால உங்க ஊர்க் குழுவுல போய்ச் சேருங்க. ரெண்டு வாரம் முன்னாடியே தினமும் கொஞ்ச தூரம் நடந்து பழகுங்க. ராத்திரி நடைக்கு டார்ச்சும், முதுகுல ஒளிரும் ஸ்டிக்கரும் கண்டிப்பா வேணும். எதிர்ல வர்ற வண்டி கண்ணுல படுற மாதிரி, ரோட்டோட வலது ஓரமா வரிசையா நடங்க. ஹெட்போனை வீட்டுலயே வச்சிருங்க.

இப்பல்லாம் எங்க குழுவுல கடைசி டார்ச் என் கையிலதான். பெரியம்மா என் முன்னாடி நடக்குறாங்க. அவங்க வேகம்தான் என் வேகம்.

உங்க குழுவுல கடைசியா வர்றது யாரு? இந்தத் தடவை அவங்களோட நடந்து பாருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
வேலும் மயிலும் துணை.