அறிதலும் அறியாதிருத்தலும்

வரவிருக்கும் பிணியை முன்கூட்டியே உணர்த்தும் சோதனை ஒன்று உண்டு. அப்பிணியை அறவே நீக்கும் மருந்தோ இல்லை. இந்நிலையில் அச்சோதனையைச் செய்துகொள்வது ஒருவனுக்குக் கடமையாகுமா? அமெரிக்க அறிவியலாளர் நான்சி வெக்ஸ்லர் அம்மையாரின் வாழ்வு இவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றது.

1968-ஆம் ஆண்டு அவர்தம் அன்னையாருக்கு ஹண்டிங்டன் நோய் கண்டிருப்பது தெரியவந்தது. மூளையின் நரம்பணுக்களைச் சிதைத்து, உடலைத் தன்வசமின்றி ஆட்டி, நினைவையும் குணத்தையும் குலைத்து, ஈற்றில் உயிரையும் கவரும் நோய் அது. பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்புண்டு. அன்னையாரின் தந்தையும் உடன்பிறந்தார் மூவரும் அந்நோயாலேயே மாண்டிருந்தனர். எனினும் பெண்மக்கள் இருவருக்கும் அதுவரை அச்செய்தி மறைக்கப்பட்டே இருந்தது.

உளவியல் பயின்ற நான்சி, 1979-இல் வெனிசுலா நாட்டின் மரக்காய்போ ஏரிக்கரைக்குச் சென்றார். அங்குள்ள மீனவர் சிற்றூர்களில் இந்நோய் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வந்தது. ஆண்டுகள் பல உழைத்து, 18,000-க்கும் மேற்பட்டோரின் வமிசாவளியை அவர்தம் குழுவினர் வரைந்தனர். ஏறத்தாழ 4,000 பேர் இரத்தம் அளித்தனர். அதன் துணையால் 1983-இல் ஜேம்ஸ் குசெல்லாவின் குழு, நோய்க்குரிய மரபணு நான்காம் குரோமோசோமில் உள்ளதெனக் கண்டது. 1993-இல் அம்மரபணுவே கைக்கு எட்டியது. அதில் மூன்று மரபெழுத்துக்கள் 40 முறையோ அதற்கு மேலோ அடுத்தடுத்து வருமாயின், முழு ஆயுள் வாழ்வோருக்கு நோய் வந்தே தீரும்.

சோதனை பிறந்தது. ஆனால் நோய்க்கு உட்படக்கூடியவருள் பெரும்பாலோர் அதனை நாடவில்லை. நான்சியும் தாம் சோதித்துக்கொண்டாரா என்பதை நெடுங்காலம் வெளியிட மறுத்தார். தமக்கும் அந்நோய் உண்டென்று 2020-இல்தான் உலகறியச் சொன்னார்.

அறிவைத் தேடியவரே தம்மைப் பற்றிய அறிவை மூடி வைத்தது முரண் அன்றோ எனச் சிலர் வினவக்கூடும். முரண் அன்று என்பதே நம் கருத்து. கல்வியைப் பயன் தருவது, பயன் தராதது எனப் பகுத்துக் காண்பது கற்றோர் மரபு. மரபணுவைக் கண்டறிதல் மருந்து தேடுவோர்க்கு வழிகாட்டும். எனவே அது அனைவர்க்கும் பயன். தனி ஒருவரின் சோதனை முடிவோ, செய்யத்தக்க செயல் ஏதும் இல்லாதபோது, எஞ்சிய நல்ல நாள்களையும் துயராக்கிவிடலாம். அதனை வேண்டுவதும் வேண்டாமென்பதும் அவரவர் உரிமை. பெற்றோரோ, மணம் பேச வருவோரோ, வேலை கொடுப்போரோ வற்புறுத்தலாகாது.

ஆயின் அவ்வுரிமைக்கும் எல்லை உண்டு. அறியாதிருத்தல் வேறு, அறிந்ததை மறைத்தல் வேறு. தன் குடும்பத்தில் இந்நோய் உண்டென அறிந்தவன், தன்னை மணக்க இருப்பவளிடம் அதனை மறைத்தல் தகாது. ஏனெனில் பிறக்கவிருக்கும் மகவின் நலனில் அவளுக்கும் சரிபங்கு உண்டு. நான்சியின் இல்லத்தில் முன்னோர் கடைப்பிடித்த மௌனம் அன்பினால் விளைந்ததாகலாம். எனினும் இளையோர் தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்கும் வாய்ப்பை அது பறித்துவிட்டது.

இன்னொரு கடனும் உண்டு. மரக்காய்போ ஏழை மீனவர் ஈந்த இரத்தம் உலகத்தாரிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானத். அதனால் விளையும் மருந்து நாளை செல்வர்க்கு மட்டும் கிட்டி, ஈந்தவர்க்குக் கிட்டாது போகுமாயின், அது அமானத்தில் செய்த மோசடியே ஆகும்.