மீட்பதா, மாற்றுவதா?

ரோட்டரி எஞ்சின் கைவிடப்போகிறது என்பதற்கான முதல் அறிகுறி பெரும்பாலும் பெற்றோல் நிலையத்தில்தான் தெரியவரும். காலைக் குளிரில் மறுப்பில்லாமல் ஸ்டார்ட் ஆன வண்டி, ஓடிச் சூடேறியபின் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத் திறப்பைத் திருப்பினால் வெறுமனே சுற்றிக்கொண்டே இருக்கும், பற்றாது. சூட்டில் எண்ணெய் இளகிவிட, தேய்ந்த சீல்களின் இடுக்கால் அழுத்தம் கசிந்துவிடுகிறது. என் அக்காவின் மகன் வைத்திருக்கும் 2004ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-8 போன குளிர்காலம் முழுக்க இப்படித்தான் முரண்டுபிடித்தது. பனி உருகத் தொடங்கிய நாட்களில் அடியோடு நின்றுவிட்டது.

"மாமா, வேற எஞ்சின் போடுறதோ, இதையே திருத்துறதோ?" என்று கேட்டான்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டு வாசலில் கார் அசையாமல் நின்றால் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. "வித்துப்போட்டு ஒழுங்கான கார் ஒண்டு வாங்கன்" என்றாள் அக்கா. காயலான் கடையில் கழற்றிய எஞ்சின் மலிவாகக் கிடைக்கும் என்றான் ஒரு நண்பன். ரோட்டரியைத் தூக்கி எறிந்துவிட்டு ஷெவர்லேயின் வி8 எஞ்சினை இறக்கிவிடு, அமெரிக்காவில் எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றான் இன்னொருவன். எல்லாரிடமும் விடை இருந்தது. அந்த எஞ்சின் ஏன் போனது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மீட்பதா மாற்றுவதா என்பது இரண்டாவது கேள்வி என்றே நான் நம்புகிறேன். ஏன் போனது என்பதற்குப் பதில் தெரியாதவரை இரண்டாவது கேள்விக்கு எந்த விடை சொன்னாலும் அது பணம் வைத்துச் சூதாடுவதுதான். இந்த நம்பிக்கை எனக்கு வந்ததற்கு ரோட்டரி எஞ்சினின் வரலாறும் ஒரு காரணம்.

பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் இந்த எஞ்சின் ஃபெலிக்ஸ் வாங்கெலின் எண்ணத்தில் பிறந்தது; 1957இல் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்தில் முதன்முதலாக ஓடியது. பத்து ஆண்டுகளில் அதே நிறுவனம் இரண்டு ரோட்டர் கொண்ட ரோ 80 என்ற காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. காலத்தை மிஞ்சிய வடிவம்; 1968ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்ற விருதும் பெற்றது. ஆனால் ரோட்டரின் முனையில் உட்கார்ந்து அறையின் சுவரை உரசிக்கொண்டு ஓடும் அபெக்ஸ் சீல்கள் சீக்கிரமே தேய்ந்துபோயின. என்எஸ்யு பெருந்தன்மையோடு நடந்துகொண்டது. பழுதென்று வந்த கார்களுக்கு உத்தரவாதத்தின் கீழ் எஞ்சினை மாற்றிக் கொடுத்தது. மறுபடி போனால் மறுபடியும் மாற்றிக் கொடுத்தது. வீதியில் எதிரெதிரே வரும் ரோ 80 சொந்தக்காரர்கள் தமக்கு எத்தனையாவது எஞ்சின் என்பதை விரல்களால் காட்டிக்கொள்வார்கள் என்று இன்றும் சொல்லப்படுகிறது. தரமான சீல் வந்து சேர்ந்தபோது காரின் பெயர் கெட்டுவிட்டிருந்தது. 1969இல் என்எஸ்யு ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் போய்விட்டது. 1977இல் ரோ 80 உற்பத்தி நின்றபோது மொத்தம் 37,000 கார்களுக்குச் சற்று மேல்தான் செய்திருந்தார்கள். அவற்றில் பலவற்றின் சொந்தக்காரர்கள் ரோட்டரியைக் கழற்றிவிட்டு ஃபோர்டின் வி4 எஞ்சினைப் பூட்டி ஓட்டினார்கள்.

ஹிரோஷிமாவில் இதே நோயை வேறு விதமாகப் பார்த்தார்கள். இன்று மாஸ்டா என்று அறியப்படும் டோயோ கோக்யோ 1961இல் என்எஸ்யுவிடம் உரிமம் வாங்கியது. ஓட்டிப் பார்த்த சோதனை எஞ்சின்களின் உட்சுவரில் அலை அலையாய்க் கீறல்கள் விழுந்தன. பிசாசின் நகக்கீறல் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். 1963இல் கெனிச்சி யமமோத்தோவின் தலைமையில் 47 பொறியாளர்கள் அந்தக் கீறலுக்குப் பின்னால் போனார்கள். சீலுக்காக மாட்டெலும்பு, குதிரையெலும்பு வரை சோதித்துப் பார்த்தார்கள். கடைசியில் பிடிபட்டது இதுதான்: உறுதியான பொருள் மட்டும் போதாது. சீல் தன் இயல்பான அதிர்வெண்ணில் துடித்துத் துடித்துச் சுவரைக் கொத்துகிறது. அந்தத் துடிப்பை மாற்ற வேண்டும். முதலில் சீலின் முனையருகே குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டார்கள். பிறகு அலுமினியம் ஏற்றிய கார்பன் சீலுக்கு வந்தார்கள். 1967 மே மாதம் அந்த எஞ்சினோடு காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது. 1991இல் நான்கு ரோட்டர் பூட்டிய மாஸ்டா 787பி கார் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. என் மனத்தில் அதைவிட ஆழமாகப் பதிந்தது வேறொன்று. பந்தயம் முடிந்த பிறகு, வென்று வந்த அந்த எஞ்சினையும் பிரித்துப் பார்த்தார்கள்.

இதைச் சொல்வது ஜெர்மானியரைக் குறைத்துப் பேச அல்ல. அவர்களும் சீலைத் திருத்த உழைத்தார்கள். ரோ 80-இன் பிற்கால எஞ்சின்கள் நன்றாகவே ஓடின. மாற்றி மாற்றிக் கொடுத்ததில் செலவான காலமும் பணமும்தான் அவர்களை வீழ்த்தின.

என் மருமகனை ரோட்டரி வேலை தெரிந்த ஒருவரிடம் அழைத்துப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். அவன் அதே கேள்வியைக் கேட்டான். "திறந்து பாக்காமல் நான் ஒண்டும் சொல்ல மாட்டன் தம்பி. முதல்ல அமுக்கத்தைப் பாப்பம்" என்றார்.

வழக்கமான மானி இதற்கு உதவாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள். பிஸ்டன் எஞ்சினுக்கான மானி மூன்றில் எது அதிகமோ அதை மட்டும் காட்டிவிட்டு மற்ற இரண்டையும் மறைத்துவிடும். ரோட்டரிக்கென்று உள்ள கருவிதான் மூன்று முகங்களையும் தனித்தனியே காட்டும். இந்த எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 250 சுற்றில் 680 கிலோபாஸ்கல் என்பது கீழ் எல்லை. முன் ரோட்டரின் மூன்று முகங்களும் அந்த எல்லையை ஒட்டி, ஏறக்குறைய ஒரே அளவில் நின்றன. பின் ரோட்டரில் அடுத்தடுத்த இரண்டு முகங்கள் மட்டும் வெகுவாகக் கீழே இருந்தன. ஓர் அபெக்ஸ் சீல் இரண்டு முகங்களுக்கு நடுவே நிற்பதால், அது கெட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து விழும். எஞ்சின் முழுவதும் சாகவில்லை, ஒரு முனை செத்திருக்கிறது என்பது அந்தக் காகிதத் துண்டிலேயே தெரிந்தது.

காயலான் கடை எஞ்சினை நான் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். ஆர்எக்ஸ்-8 உற்பத்தி 2012இல் நின்றுவிட்டது. அந்த எஞ்சினுக்கும் அதே வயது, அதே தேய்வு; யார் எப்படி ஓட்டினார்கள் என்ற கதை மட்டும் நமக்குத் தெரியாது. அதை வாங்குவது காசை வீசுவதற்குச் சமம். தொழிற்சாலை முறையில் புதுப்பித்த எஞ்சின் வாங்குவது மரியாதையான வழி. ஆனால் அதற்குப் பழைய எஞ்சினைப் பிரிக்காமல் கையளித்துவிட வேண்டும். அதோடு சாட்சியும் போய்விடும். ஏன் போனது என்பதை அதற்குப் பிறகு எவரும் சொல்ல முடியாது.

வி8 பற்றியும் யோசித்தேன். வேகமும் வரும், நம்பிக்கையாகவும் ஓடும். ஆனால் அவன் விரும்பியது அந்தக் காரின் உருவத்தை அல்ல. 9,000 சுற்றுவரை நடுக்கமில்லாமல் ஏறும் அந்த எஞ்சினைத்தான். விரும்பிய ஒன்றை எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்திருப்பதில் அவனுக்கு மகிழ்ச்சி இராது என்று அவனிடமே சொன்னேன்.

நான் வளர்ந்தது மாற்றுவது என்ற ஒன்றே இல்லாத ஊரில். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. பெற்றோல் வராது, உதிரிப்பாகம் வராது, பற்றரிகூட வராது. ஆஸ்டின், மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேட்டரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை வீதியை மூடும். அந்த நாட்களின் சிக்கனத்தை இங்கே நம்மவர்கள் போற்றிப் பேசுவார்கள். எனக்கு அதில் பெருமையாகத் தெரிவது சிக்கனம் அல்ல. எங்கள் ஊர் மெக்கானிக்குகளுக்கும் சாரதிகளுக்கும் தங்கள் வண்டியின் ஒவ்வொரு நோயும் எதனால் வந்தது என்று தெரிந்திருந்தது. தெரியாமல் இருக்க வசதியில்லை. கேட்டதெல்லாம் கடையில் கிடைக்கும் நாட்டுக்கு வந்ததும் நம்மிடமிருந்து முதலில் கழன்றது அந்த அறிவுதான். சலித்த வேலையை விட்டு வேறு வேலைக்குப் போகிறோம், கசந்த நட்பை விட்டு வேறு நட்புக்குப் போகிறோம். பல வேளைகளில் அது சரியான முடிவாகவும் இருக்கும். ஆனால் எது கெட்டது என்று பார்க்காமல் போனால், கெடுத்த காரணம் நம்மோடு கூடவே வருகிறது. பார்க்காமல் பிடித்துவைத்துத் திரும்பத் திரும்ப ஒட்டுப்போடுவதும் அதே தவறுதான். அதை விசுவாசம் என்று கொண்டாட வேண்டியதில்லை.

எஞ்சினைப் பிரித்த நாளில் நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்றோம். ரோட்டரி எஞ்சின் அடுக்கடுக்காய் இறுக்கிய ஒன்று; நீளமான போல்ட்டுகளை உருவினால் தட்டுத் தட்டாக வெளியே வரும். முன் அறையின் குரோம் பூச்சு கண்ணாடி மாதிரி இருந்தது. பின் அறையின் ஓரத்தில் பூச்சு உரிந்திருந்தது. பிஸ்டன் எஞ்சினின் சிலிண்டர் தேய்ந்தால் கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடலாம். இங்கே அது நடக்காது. பூச்சுப் போன அறையை மாற்றியே ஆகவேண்டும்.

ஆனால் அந்த அறையைக் கெடுத்தது எஞ்சினுக்குள்ளே இல்லை. பழைய இக்னிஷன் காயில்கள் வலுவிழந்திருந்தன. பொறி சரியாக விழாமல் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குப் போய், அங்குள்ள வினையூக்கிப் பெட்டிக்குள் எரிந்து, அதை உருக்கி அடைத்திருந்தது. வெளியேற வழியில்லாத சூடு திரும்பி வந்து பின் ரோட்டரின் சீலைத் தின்றிருந்தது. பெட்டியைத் தட்டியபோது உள்ளே உடைந்த துண்டுகள் உருண்டன. அதைப் பார்க்காமல் வேறு எஞ்சினை இறக்கியிருந்தால் அதுவும் இதே வழியில் போயிருக்கும். இதையே பார்த்துப் பார்த்துத் திருத்தி, பழைய காயில்களோடு பூட்டியிருந்தாலும் அப்படித்தான்.

இன்னொன்றையும் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தோம். ரொறன்ரோவில் குளிர்காலம் முழுக்க வீதியில் உப்புக் கொட்டுகிறார்கள். காரின் அடிச்சட்டம் துருவில் போயிருந்தால் என்ன செய்தாலும் வீண். பின் சக்கர வளைவுகளில் துரு இருந்தது, சட்டத்தில் இல்லை. சட்டத்தில் இருந்திருந்தால் விற்றுவிடு என்று நானே சொல்லியிருப்பேன்.

பின் அறை புதிதாக வந்தது. சீல்கள், சுருள்வில்கள், தண்ணீர் ரப்பர்கள், காயில்கள், வினையூக்கிப் பெட்டி எல்லாமே புதியவை. ரோட்டர்கள் இரண்டும், முன் அறையும், இரும்புத் தட்டுகளும் பழையவை. ஆன செலவு அந்தக் காரை விற்றால் கிடைக்கும் தொகையைவிட அதிகம். அது தெரிந்தேதான் அவன் செய்தான், நான் தடுக்கவில்லை. பத்து நிமிட ஓட்டத்துக்கு இனி அதை எடுப்பதில்லை, வாசலில் பனி அள்ளுவதற்காக ஒருமுறை எழுப்பி நகர்த்திவிட்டு உடனே அணைப்பதில்லை, எண்ணெயை வாரத்துக்கொரு முறை பார்ப்பது என்று அவனே சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் நான் சம்மதித்தேன். அந்தக் கவனத்தைக் கொடுக்க மனமில்லாதவருக்கு ரோட்டரி வேண்டாம். அவர் விற்பதே நேர்மை.

உங்களிடம் இப்படி ஒரு கார் நின்றுபோயிருந்தால், விலை கேட்பதற்கு முன் மூன்று முகங்களின் அழுத்தத்தையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். காயிலையும் புகைக்குழாயையும் சோதிக்கச் சொல்லுங்கள். எஞ்சினைப் பிரிக்கும் நாளில் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு கராஜில் போய் நில்லுங்கள்.