ஒதுங்கினரா, ஒதுக்கினரா?

ஆங்கிலத்தில் 'டிரிப்ட்' என்றொரு சொல் உண்டு. சின்னஞ்சிறு சொல், ஆனால் அது ஏறாத மேடையில்லை, நுழையாத துறையில்லை. நீரோட்டம் கலத்தைக் குறித்த திசையினின்று விலக்கிக்கொண்டு போனால் மாலுமிக்கு அது டிரிப்ட். கண்டங்கள் இடம்பெயர்வது நிலநூலார்க்கு டிரிப்ட். தலைமுறைதோறும் மரபுப் பண்புகள் தற்செயலாய்க் கூடுவதும் குறைவதும் உயிர்நூலார்க்கு. சொல்லும் ஒலியும் மெல்ல மாறிச் செல்வது மொழிநூலார்க்கு. காற்று குவித்த பனிமேடு குளிர்நாட்டார்க்கு. கனிமம் ஓடும் வழியே குடைந்த பாதை சுரங்கத் தொழிலாளிக்கு. அத்தனைக்கும் அதே டிரிப்ட்தான்! இளைஞன் குறிக்கோளின்றித் திரிந்தாலும், ஒரு வட்டாரம் கவனிப்பாரின்றிச் சீர்கெட்டாலும், அதற்கும் அந்தச் சொல்லையே எடுத்துப் போர்த்திவிடுகிறார்கள்.

தமிழில் இத்தனைக்கும் பொதுவான ஒரு சொல் இல்லை. அது குறையா? அன்று என்பேன். பெயர்ச்சி, விலகல், திரிபு, ஒதுங்கல் என்று இடமறிந்து சொல்லெடுக்க வேண்டிய நாம், எடுக்கும்போதே ஒரு கேள்விக்கு விடை கூறியாக வேண்டும். திரிந்ததா, திரித்தார்களா? பெயர்ந்ததா, பெயர்த்தார்களா? ஒதுங்கினரா, ஒதுக்கினரா? பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதுதான். ஒதுங்கு என்பதில் நிற்பது மெல்லின ஒற்று. ஒதுக்கு என்பதில் நிற்பது வல்லின ஒற்று. ஓர் ஒற்று மாறினால் குற்றவாளி கூண்டிலேறுகிறான்! 'தாழ்ந்த சாதி' என்று நாடு பேசிக்கொண்டிருந்த காலத்தில் 'தாழ்த்தப்பட்டோர்' என்று எழுதியவர்களுக்கு இந்த இலக்கணத்தின் வலிமை தெரியும். தாழ்ந்தார்கள் என்றால் யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். தாழ்த்தப்பட்டார்கள் என்றாலோ, தாழ்த்தியது யார் என்ற கேள்வி உடன்பிறந்தே வரும்.

அதற்காக, எல்லாவற்றுக்கும் ஒரு செய்வோனைத் தேடுவதும் பகுத்தறிவாகாது. அப்படித் தேடியவன்தான் இடிக்கு இந்திரனையும் மழைக்கு வருணனையும் கண்டுபிடித்தான். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையைப் பாருங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு அது. இந்திய நிலம் ஆப்பிரிக்காவோடும் மடகாசுகரோடும் அண்டார்க்டிகாவோடும் ஒட்டிக் கிடந்து, பின்னர்ப் பிரிந்து, வடக்கே நகர்ந்து ஆசியாவின்மீது மோதியபோது இந்த மலையின் பாறையும் கூடவே வந்தது. இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. நம் விரல்நகம் வளரும் வேகத்தை ஒத்தது அது. எந்தத் தெய்வமும் தள்ளவில்லை; எந்த அசுரனும் இழுக்கவில்லை. 1912-ல் வெகனர் இதைச் சொன்னபோது அறிஞர் பலர் நகைத்தனர். நகர்த்தும் விசை எதுவென்று அவரால் காட்ட முடியவில்லை. 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் அவர் மாண்டார். கடலடித் தரை விரிகிறது என்பதற்கு 1960-களில் சான்று கிடைத்தபின்னரே உலகம் ஒப்பியது.

இங்கே நம்மவர்க்கும் ஒரு சொல். மடகாசுகருக்கும் இந்தியாவுக்கும் பொதுவான உயிரினங்களை விளக்க 1864-ல் ஸ்கிளேட்டர் என்பவர் கடலில் மூழ்கிய லெமூரியாவை ஊகித்தார். தமிழறிஞர் சிலர் அதைக் குமரிக்கண்டம் என்று கொண்டாடினர். நிலமே நகர்ந்தது என்று தெரிந்தபின் மூழ்கிய கண்டத்துக்குத் தேவை இல்லாமற் போயிற்று. கரையோர ஊர்களைக் கடல் கொண்டிருக்கலாம். கண்டம் ஒன்றைக் கொள்ளவில்லை. புராணத்தை உரைக்கும் கல்லில் நமக்கு இனிக்கும் கதையையும் உரைக்கத்தான் வேண்டும், தோழர்களே!

உயிர்நூலார் கூறும் டிரிப்ட் இதைவிடச் சுவையானது. நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு முறை தலை விழக்கூடும். பதினாயிரம் முறை சுண்டினால் ஏழாயிரம் முறை விழாது. சிறு கூட்டத்தில் தற்செயலுக்கு வலிமை அதிகம். தனக்குள்ளேயே மணந்துகொள்ளும் சிறு கூட்டத்தில், தகுதி காரணமாக அன்றி வெறும் தற்செயலால் ஒரு பண்பு ஓங்கும், மற்றொன்று மறையும். இதைக் கணக்கிட்டுக் காட்டியவர்களுள் ஒருவர் ஸ்யூவல் ரைட்; ஆண்டு 1931. நம் நாட்டிலே தனக்குள் மணந்துகொள்ளும் வேலியின் பெயர் என்ன? சாதி! 2017-ல் வெளியான ஓர் ஆய்வு தெற்காசியாவின் 263 குழுக்களின் மரபணுக்களை எடுத்து நோக்கியது. சிலராய்த் தொடங்கித் தமக்குள்ளேயே மணந்து பெருகியதன் அடையாளம் 81 குழுக்களில் மிகக் கடுமையாக இருந்தது. அவற்றுள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையுடைய குழுக்களும் உண்டு. தாயிடமும் தந்தையிடமும் மறைந்து கிடக்கும் ஒரே குறை பிள்ளையிடம் கூடி நோயாய் வெளிப்படும் வாய்ப்பு இத்தகைய குழுக்களில் அதிகம். தூய குருதி என்று மார்தட்டினார்களே, அந்தத் தூய்மை வாங்கித் தந்த பரிசு இது!

தற்செயலுக்குப் பழி இல்லை. அதனால் பெருமையும் இல்லை. இதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உணர்ந்தவர் கணியன் பூங்குன்றனார். பேராற்று வெள்ளத்தின் வழியே செல்லும் புணையை அவர் உயிர்க்கு உவமை காட்டினார். 'பார்த்தீரா, ஊழ்வினையைத் தமிழ்ப்புலவனே ஒப்பிவிட்டான்' என்று துள்ளுவோர் உண்டு. அவர்கள் அப்பாட்டின் முடிவை மறைத்துவிடுகிறார்கள். புணை வெள்ளத்தின் வழியே போகிறது. ஆகவே பெரியோரை வியவோம், சிறியோரை இகழ்தல் அதனினும் இலம் என்ற கருத்தில் அன்றோ புலவர் கொண்டுபோய் நிறுத்துகிறார்! பிறப்பு தற்செயல் என்றால் பிறப்பால் உயர்வு இல்லை. அதை விட்டுவிட்டு, 'உன் தலையெழுத்து, மிதந்து போ' என்று ஏழையிடம் மட்டும் சொல்வது எந்த ஊர் நியாயம்?

சொற்களின் நகர்வும் இப்படித்தான், பெரும்பாலும் பழியற்றது. வள்ளுவர் சூது அதிகாரத்திலே 'கழகம்' என்று சொன்னது சூதாடும் இடத்தை. பின்னர் அது கற்றோர் அவையாயிற்று. பிறகு ஓர் இயக்கத்தின் பெயரிலேயே அமர்ந்தது. யாரும் ஆணையிட்டு மாற்றவில்லை. கல்வராயன் மலைவாழ் மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். ஆனால் அவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்வோர் என்றே அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். ஆண்டார்களா?

அவர்கள் முன்னோர் காஞ்சியினின்று வந்தவர் என்பது வழிவழிச் செய்தி. ஏன் வந்தனர் என்பதைக் கதைக்கே விட்டுவிடுவோம். பின்னால் நடந்தது கதையன்று. அம்மலையில் மூன்று ஜாகீர்கள் இருந்தன. விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர் தந்த கொடை என்பது ஜாகீர்தாரர் சொல்லிவந்த வரலாறு. மலைமக்கள் அவர்களுக்கு வரி கட்டினர், கூலியின்றி உழைத்தனர். 1947-ல் வெள்ளையன் வெளியேறினான். 1948-ல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1950-ல் அரசியல் சட்டம் வந்தது. எல்லாரும் சமம் என்றது. மலையில் ஜாகீர் இருந்தது! 1967-ல் அறிஞர் அண்ணாவின் ஆட்சி மலர்ந்தது. புரோகிதர் இல்லாச் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத்தின் ஏற்பு கிடைத்தது. 1969-ல் நாடு தமிழ்நாடு என்று பெயர் பெற்றது. மலையில் ஜாகீர் இருந்தது! நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்தபின், 1976-ல்தான் அது ஒழிந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நாட்டுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.

அந்த 29 ஆண்டுகளை எந்த டிரிப்டில் சேர்ப்பது? 'காலப்போக்கில் அப்படியே இருந்துவிட்டது' என்பார்கள். காலம் வரி வசூலித்ததா? காலமா ஆளை அனுப்பி உழவுக்கு இழுத்துச் சென்றது? கண்டத்தைத் தள்ளியவன் இல்லை, ஒப்புகிறோம். ஜாகீருக்கு உரிமையாளன் இருந்தான், அதனால் வயிறு வளர்த்தவன் இருந்தான், அறிந்தும் கோப்பை மூடிவைத்தவன் இருந்தான். பெயரும் முகவரியும் உள்ள பிறவினை அது.

ஜாகீர் போயிற்று, ஒதுக்குதல் போகவில்லை. மலை அசையவில்லை, அதன் கிழக்குச் சரிவு மட்டும் தென்னார்க்காட்டினின்று 1993-ல் விழுப்புரம் மாவட்டத்துக்கும், 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் 'பெயர்ந்தது'. விளைச்சல் போதாமல் ஆடவர் பிழைப்புத் தேடி இறங்கினர். செம்மரம் வெட்ட ஆந்திரக் காடுகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டோரும் அவர்களுள் உண்டு. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டத்து ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன; கல்வராயன் மலைத் தொழிலாளர் உடல்கள். மிதந்தன என்று செய்தி எழுதுவது எளிது. கூலி பேசியவன் யார், மரத்தை விலைக்கு வாங்கியவன் யார் என்று கேட்டால் அந்த வாக்கியத்துக்கு எழுவாய் வேண்டியிருக்கும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் பலியாயினர். கூலி உழைப்பாளர் பலர். ஓராண்டுக்கு முன்புதான், 2023 மேயில், மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் இருபதுக்கு மேற்பட்டோர் இதே நஞ்சுக்கு இரையானார்கள். 'குடிப்பழக்கத்தில் வழிதவறியவர்கள்' என்று சிலர் முகம் சுளித்தனர். மெத்தனால் தொழிற்சாலைப் பொருள். உடலுக்குள் சென்றால் அது பார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைக் கெடுக்கிறது; மூச்சை நிறுத்துகிறது. அது கோமுகி ஆற்று வெள்ளத்தில் தானாக மிதந்து வந்து கருணாபுரத்தில் கரை ஒதுங்கவில்லை. வாங்கியவன், ஏற்றியவன், கலந்தவன், விற்றவன், கண்டும் காணாதிருந்தவன் என்று அதற்கு ஒரு வரிசையே இருந்தது. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வழக்கு அந்த ஆண்டு நவம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது.

அந்தச் சாவுகளை அடுத்து, அதே ஆண்டில், கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. சாலை எங்கே, மருத்துவம் எங்கே, பள்ளி எங்கே என்று அரசைக் கேட்டது. ஜாகீர் ஒழிந்த ஆண்டிலிருந்து இந்தக் கேள்வி எழுந்த ஆண்டுவரை எண்ணிப் பாருங்கள்: 48 ஆண்டுகள். வெள்ளிமலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை அந்த 48 ஆண்டுகளைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினால், அதில் 'ஒதுங்கினர்' என்று போடுவானா, 'ஒதுக்கினர்' என்று போடுவானா? எழுவாயாக யாரை எழுதுவான்?